பழனிக்கு நடக்கும் பாதங்கள்

தை பிறந்துவிட்டால் செட்டிநாட்டுச் சாலைகளில் வண்டிகளைவிட நடக்கிற கால்கள்தான் அதிகம். தைப்பூசத்துக்குப் பழனி போகும் கூட்டம். காரைக்குடிக்கு அடுத்த குன்றக்குடியில் கும்பிட்டுப் புறப்பட்டு, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று ஏறக்குறைய 150 கிலோமீட்டர் நடை. நகரத்தார் காவடிகள் தலைமுறை தலைமுறையாகப் போகிற வழி இது. இப்போது எல்லா ஊர்க்காரர்களும், அதிலும் பெண்கள் ஏராளமாக, நடக்கிறார்கள்.

போர்வை, மாத்திரை, மாற்றுப் புடவை, டார்ச் லைட் என்று பார்த்துப் பார்த்து மூட்டை கட்டுகிறோம். காலுக்கு என்ன போடுவது என்பது மட்டும் கடைசி நாள் வரை யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. அதற்குள் வாசலில் கிடக்கும் ஹவாய் செருப்போ, அன்று காலையில் வாங்கிய புத்தம் புதுச் செருப்போ காலில் ஏறிவிடும்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு முன்கூட்டியே வந்ததற்குக் காரணம் என் மாமியார். பேரன் நல்லபடியாகப் பிறந்தால் வெறுங்காலோடு பழனிக்கு நடப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். அவருக்கோ பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது, முள் குத்தினாலும் தெரியாது, வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "செருப்புப் போட்டுக்கிட்டுப் போறது ஒரு நேர்த்தியாடி?" என்று அத்தை கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் குழுவில் பல வருஷமாக நடக்கிற பெரியவர் ஒருவர்தான் முடித்து வைத்தார். "ஆத்தா, முருகன் உங்களை வரச் சொன்னானே தவிர, புண்ணோட வரச் சொல்லலை. அடிவாரம் வரைக்கும் போட்டுக்கிட்டு வாங்க. மலையில கழட்டிக்கலாம்." அத்தை அரை மனதாகச் சம்மதித்தார்.

டாக்டரிடமும் கேட்டுக்கொண்டு, கார்த்திகையிலேயே கடைக்குப் போனோம். சாயங்காலம்தான் போகவேண்டும். பகலெல்லாம் நின்று நடந்த கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். யாத்திரையிலும் அப்படித்தான் வீங்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். உணர்ச்சி குறைந்த கால்காரர்களுக்கு எது பிடிக்கிறது, எது லூசு என்று சரியாகத் தெரியாது. அதனால் அத்தையை ஒரு தாளின் மேல் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து வெட்டி எடுத்துப் போனேன். ஷூவுக்குள் அந்தத் தாளைப் போட்டால் ஓரம் மடங்காமல் படியவேண்டும். மடங்கினால் அந்த இடத்தில் கால் நெருக்கப்படும் என்று அர்த்தம்.

அடிப்பாகம் தடிப்பாக இருக்கட்டும். ஆனால் விரல்கள் ஆரம்பிக்கிற இடத்தில் மட்டும் வளையவேண்டும். நடுவில் சப்பாத்தி மாதிரி மடிந்தால் வேண்டாம். குதிகாலைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வது அவசியம். ஹவாய் செருப்பில் அந்தப் பிடிப்பு கிடையாது. விரல்கள் அதை இறுக்கிப் பிடித்தே களைத்துப்போகும், விரலிடுக்கிலும் தோல் உரியும். அத்தைக்கு விரல்கள் மூடிய, துணியாலான ஸ்போர்ட்ஸ் ஷூ. எனக்குப் பின்வார் வைத்த சாண்டல்.

புடவைக்கு ஷூவா என்று சிரிப்பார்கள்தான். அத்தையும் முதல் நாள் கொசுவத்தை இழுத்து இழுத்து மறைத்துக்கொண்டே நடந்தார். அப்படி மறைத்தால் கரை காலில் தடுக்கும். புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள். சிரிப்பெல்லாம் சிங்கம்புணரி வரைதான். அதற்குள் சிரித்தவர்களே கொப்புளத்தோடு உட்கார்ந்து, "எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று கேட்டார்கள்!

நமக்கென்றே உள்ள இன்னொரு விஷயம் மெட்டி. கால் வீங்கினால் அது இறுகும். மூடிய ஷூவுக்குள் பக்கத்து விரலையும் அழுத்தும். கழற்ற மனமில்லாதவர்கள், வாய் பிரிந்த மெல்லிய மெட்டியாக மாற்றிச் சற்றுத் தளர்த்தி விட்டுக்கொள்ளலாம்.

வாங்கியதை மார்கழியில் பழக்கினோம். விடியற்காலையில் கோயிலுக்குப் போக வர, முதலில் ஒரு கிலோமீட்டர், பிறகு மூன்று, ஐந்து. கடிக்கிற இடம் எது என்று வீட்டுப் பக்கத்திலேயே தெரிந்துபோகும்.

வழியில் தரை ஒரே மாதிரி இல்லை. காலையில் ஓரப் புல்லில் பனி, சாக்ஸ் நனையும். நனைந்த சாக்ஸ்தான் கொப்புளத்துக்குத் தாய். மூன்று ஜோடி எடுத்துப் போய், ஈரமானதை மூட்டையின் மேல் காயப்போட்டுக்கொண்டே நடந்தோம். பத்து மணிக்கு மேல் தார் சுடும். நிழலுக்காக ஓரம் ஒதுங்கினால் சீமைக்கருவேல முள்.

நத்தம் தாண்டிய அன்று ராத்திரி, வழக்கம்போல் அத்தையின் காலையும் ஷூவையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது ஷூவின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு முள் ஏறி, உள்ளே வராமல் பாதியில் நின்றிருந்தது. எப்போது குத்தியது என்று அத்தைக்குத் தெரியவே இல்லை. பிடுங்கிக் கையில் கொடுத்தேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஷூவின் கயிற்றைத் தாமே கட்டினார்.

தங்குமிடத்தில் காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடையுங்கள். சர்க்கரைக்காரர்கள் வெந்நீரில் கால் வைக்கவேண்டாம். சூடு தெரியாமல் வெந்துபோகும். எங்காவது எரிய ஆரம்பித்தால், அடுத்த ஊர் வரட்டும் என்று காத்திராமல் அங்கேயே உட்கார்ந்து பிளாஸ்திரி போடுங்கள். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். அன்னதானப் பந்தல் வாசலில் செருப்பு மாறிப்போவது சகஜம். கயிற்றில் ஒரு மஞ்சள் நூல் கட்டிவைத்தால் அடையாளம் தெரியும்.

ஆறாம் நாள் அடிவாரம் சேர்ந்தோம். மறுநாள் கல் சுடுவதற்கு முன், விடியற்காலையில், அத்தை ஷூவைக் கழற்றி ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். காலில் ஒரு கீறல் இல்லை. கிட்டத்தட்ட எழுநூறு படிகளையும், பருத்திச் சாக்ஸோடு, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். முடியாதவர்களுக்கு விஞ்சும் ரோப் காரும் இருக்கின்றன.

சந்நிதியில் என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "அடுத்த வருஷமும் நடக்கணும்னுதான். அந்த ஷூவைத் தூக்கிப் போட்டுடாதே" என்றார்.