வேடந்தாங்கலில் ஒரு வேடன்!

"இந்த ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் இருப்பீர்களா, மாட்டீர்களா?" என்று என் மனைவி கேட்டபோது, நான் கேமிரா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பறவைப் படம் வேண்டும் என்று ஆசிரியர் உத்தரவு. அதுவும் சாதாரணப் படம் அல்ல. ஆகாயம் கொள்ளாமல் பறவைகள் பறக்க வேண்டுமாம்!

"நீயும் குழந்தையும் புறப்படுங்கள். வேடந்தாங்கலுக்குப் போய் வரலாம்" என்றேன். கோபம் போன இடம் தெரியவில்லை. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் புளியோதரை, தயிர் சாதம், பிளாஸ்க் காப்பி சகிதம் காரில் ஏறிவிட்டோம்.

சென்னையிலிருந்து தெற்கே சுமார் 80 கிலோமீட்டர். செங்கற்பட்டைத் தாண்டி, பாலாற்றைக் கடந்து, படாளம் கூட்டு ரோடில் திரும்பினால் இரண்டு பக்கமும் வயல்கள். பட்டணத்து இரைச்சல் எங்கேயோ பின்னால் நின்றுவிடுகிறது.

ஏரி பெரியது என்று சொல்ல முடியாது. 30 ஹெக்டேர்தான் இருக்கும். ஆனால் கரைமேல் ஏறியதும் என் எட்டு வயதுப் பெண் "அம்மாடி!" என்று நின்றுவிட்டாள். தண்ணீருக்குள்ளேயே கடப்ப மரங்கள் நிற்கின்றன. ஒவ்வொரு மரமும் மாம்பலத்து அடுக்குமாடி வீடு மாதிரி! ஒரு கிளையில் நத்தைக்குத்தி நாரைகள். அடுத்த கிளையில் நீர்க்காகங்கள். அங்கே அரிவாள்மூக்கன், இங்கே கரண்டிவாயன். தொங்கும் பையோடு கூழைக்கடா ஒன்று, கலியாண வீட்டுச் சம்பந்தி போல நிதானமாக வந்து இறங்கியது. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் பூனையும் நரியும் கூட்டுக்கு வர முடியாது. அதற்காகத்தான் இந்தத் தண்ணீர்க் குடித்தனம்.

'தாங்கல்' என்றால் ஏரி. வேடனுடைய ஏரி என்று பெயர் வைத்துக்கொண்டு, பறவைகளுக்குக் காவல் நிற்கிற ஊர் இது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊர் ஜனங்கள் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை அவர் 1798-ல் எழுதிக் கொடுத்தார். ஜனங்களுக்கும் இதில் லாபம் உண்டு. பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம். 2022-ல் இந்த ஏரி, உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

சரித்திரம் இருக்கட்டும்; என் படம் என்ன ஆயிற்று? ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை கேமிராவும் கையுமாக நின்றேன். ஒன்று பறந்தால் ஒன்று உட்கார்ந்தது. ஆகாயம் நிறையவே இல்லை. பொறுமை போய்விட்டது. ஓங்கி ஒரு தடவை கை தட்டினால் அத்தனையும் எழும்பாதா? கேமிராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக் கையை உயர்த்தினேன்.

"வாணாம் தம்பி!"

புல்லுக்கட்டோடு கரைமேல் வந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டி. குரல் உயரவில்லை. ஆனாலும் என் கை அப்படியே நின்றது.

"தாய் எயிந்து போச்சின்னா குஞ்சு வெயில்ல வாடிடும். முட்டைய காக்கா தூக்கிடும். எங்க ஊருல புள்ளைங்ககூட இங்க வந்து கூவாது, தம்பி."

அவ்வளவுதான். புல்லுக்கட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இருநூறு வருஷத்துக்கு மேலாக ஓர் ஊரே கட்டிக் காத்த அமைதியை, ஒரு படத்துக்காக ஒரு நொடியில் உடைக்க இருந்தேன். துப்பாக்கி கையில் இல்லை என்பதைத் தவிர, அந்தச் சிப்பாய்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை!

"அப்பா, அங்கே பாருங்கோ, குடை பிடிக்கிறது!" என்றாள் குழந்தை, பைனாகுலரிலிருந்து கண்ணை எடுக்காமல். லென்ஸைத் திருப்பினேன். கூட்டின்மேல் ஒரு நத்தைக்குத்தி நாரை இரண்டு சிறகையும் விரித்து, வெயிலுக்கு முதுகைக் கொடுத்து நின்றது. அந்த நிழலில் மூன்று குஞ்சுகள். வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, தாய் அசையாமல் நின்றது. நான் கை தட்டியிருந்தால்?

"இவள் பிறந்த வருஷம் கத்தரி வெயிலில் கரண்ட் போய்விடும். ராத்திரி பூரா விசிறியோடு உட்கார்ந்திருப்பேன், ஞாபகம் இருக்கிறதா?" என்று மனைவி மெதுவாகச் சொன்னாள். நான் 'கிளிக்' செய்தேன்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, கேட்காமலே ஆகாயம் நிறைந்தது. சுற்று வட்டாரத்து ஏரி குளங்களில் மேய்ந்த பறவைகள் கூட்டம் கூட்டமாக வீடு திரும்பின. அதே நேரத்தில் இராக்கொக்குகள் இரைக்குப் புறப்பட்டன. ஆலையில் ஷிப்ட் மாறுகிற மாதிரிதான்! ஆசிரியர் கேட்ட படமும் கிடைத்தது. வெளிச்சம் குறைந்துவிட்டதால் கொஞ்சம் மங்கல்.

நேயர்கள் போவதானால் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். மழை நன்றாகப் பெய்து ஏரி நிறைந்த வருஷமாக இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் பறவைகளும் இல்லை. காலையும் மாலையும் நல்ல நேரம். பளிச்சென்ற கலர்ப் புடவை வேண்டாம். சாப்பாட்டுப் பொட்டலத்தின் காகிதத்தைக்கூடத் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள்.

இரண்டு படங்களையும் ஆசிரியர் மேஜைமேல் வைத்தேன். பறக்கிற படத்தை ஒதுக்கிவிட்டு, குடை பிடிக்கிற படத்தை எடுத்துக்கொண்டார்.

"எப்படி ஸார் பிடித்தீர்கள் இதை?" என்றார்.

"கை தட்டாமல் பிடித்தேன்" என்றேன்.