நாலும் மாத்த வேணுமோ?

ஸ்காபரோவில் நவம்பர் பிறந்தால் ரயர் கடைகளின் தொலைபேசி ஓயாது. எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "வின்ரர் ரயர் கட்டாயம் வேணுமோ?" சட்டத்தைக் கேட்டால், வேண்டாம். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கே பதிவான கார்களுக்கு அது கட்டாயம். ஒன்ராறியோவில் அப்படிச் சட்டம் இல்லை. அதனால் இங்கே ஒவ்வொரு வீடும் தானே யோசித்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. சில்லைக் கழற்றிப் பூட்டுவதை ஒரு பருவத்துக்குள் பழகிவிடலாம். இன்னொருவருடைய அந்த முடிவுக்கு நேர்மையாகத் துணை நிற்கப் பழகத்தான் காலம் எடுக்கிறது. நான் இந்தத் தொழிலில் பழகியதில் பெரும்பங்கு அதுதான்.

கடை உரிமையாளரை நாங்கள் எல்லோரும் அண்ணை என்றே கூப்பிடுவோம். முதல் பருவத்தில் வாடிக்கையாளரோடு கதைக்க அவர் என்னை விடவில்லை. "முதல்ல ரயரைப் பார்க்கப் பழகு. பிறகு ஆக்களோட கதைக்கலாம்" என்றார்.

பார்ப்பது என்றால் முதலில் தொடுவது. இரவு முழுவதும் கடைக்குப் பின்னால் வெளியில் கிடந்த இரண்டு ரயர்களைக் காலையில் காட்டி, பெருவிரல் நகத்தால் அழுத்தச் சொன்னார். ஓல் சீசன் ரயரில் நகம் வழுக்கியது. வின்ரர் ரயரில் பள்ளிக்கூடத்து அழிறப்பரில் பதிவதுபோலப் பதிந்தது. முழு விளக்கமும் அந்த நகத்தடத்துக்குள் இருக்கிறது. ரப்பர் குளிரில் விறைக்கும். விறைத்த ரப்பரால் வீதியின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்கிப் பிடிக்க முடியாது. வின்ரர் ரயரின் கலவையைக் குளிரிலும் இளக்கம் குறையாதபடி செய்கிறார்கள். அதில் சிலிக்கா கூடுதலாக இருக்கும். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் மாற்றுங்கள் என்று எங்கும் சொல்வது இதனால்தான். 7 என்பது கோடு போட்ட எல்லை அல்ல, ஒரு மட்டக் கணக்கு. ஆனாலும் அதற்குள் முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது: பனி விழாத, காய்ந்து கிடக்கிற, வெறும் குளிர்நாள் வீதியிலும் இந்த ரயருக்கு வேலை உண்டு. "இந்த முறை ஸ்நோ குறைவாம்" என்று ஒருவர் வாங்காமல் விடும்போது அவர் பாதிக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார்.

அடுத்தது வாசிப்பு. ரயரின் பக்கச் சுவரில் ஒரு புத்தகமே எழுதியிருக்கும். பலருடைய ஓல் சீசன் ரயரில் "எம் பிளஸ் எஸ்" என்று இருப்பதைக் காட்டி, "இது ஸ்நோவுக்கும் ஓடுமாம், எழுதியிருக்கே" என்பார்கள். சேறு, பனி என்ற சொற்களின் முதலெழுத்துகள் அவை. தவாளிப்புகளின் அமைப்பை வைத்து அதைப் போட்டுக்கொள்ளலாம். பனியில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்றில்லை. நாங்கள் தேடுவது வேறு குறி: மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். 1999இல் வட அமெரிக்க ரப்பர்த் தொழில் சங்கங்கள் கொண்டுவந்தது. இறுகிய பனியில் இழுவையைச் சோதித்து, ஒப்பீட்டுக்கான ரயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாகப் பிடித்தால்தான் அந்த மலை கிடைக்கும். அதிலும் ஒரு நுணுக்கத்தை அண்ணை சொல்லித் தந்தார். சோதனை நடப்பது பனியில் கிளம்பும் இழுவைக்கு. பிரேக் பிடிப்பதையோ, வளைவில் திரும்புவதையோ, கண்ணாடி ஐஸையோ அந்தக் குறி அளப்பதில்லை. ஆகவே மலை இல்லாத ரயரை வின்ரர் ரயர் என்று விற்கக் கூடாது. மலை இருக்கிற ரயர் எல்லாம் ஒன்றுதான் என்றும் சொல்லக் கூடாது.

பிறகு ஆழமானியைக் கையில் தந்தார். இங்கே தவாளிப்பின் ஆழத்தை அங்குலத்தின் 32இல் ஒரு பங்குகளாக அளப்பார்கள். புதிய வின்ரர் ரயரில் 10 அல்லது 11 இருக்கும். 5 என்பது ஏறத்தாழ 4 மில்லிமீற்றர். அந்த அளவுக்குத் தேய்ந்த ரயரோடு பனி மூடிய வீதியில் ஓட வேண்டாம் என்று கனடிய போக்குவரத்துத் திணைக்களமே சொல்கிறது. சட்டம் அனுமதிக்கும் தேய்மானம் இதைவிட மிகவும் கூட. அதனால்தான் "இன்னும் ஓடலாம்" என்ற பதிலில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன: கோடைக்கு ஓடலாம், பனிக்கு ஓடாது. தவாளிப்புக்குள் பனி இறுகி நிரம்ப, அந்தப் பனி வீதியில் கிடக்கும் பனியோடு ஒட்டிப் பிடிக்கிறது. பனியைப் பனிதான் பிடிக்கும். ஆழம் போனால் அந்தப் பிடியும் போய்விடும். ரப்பர்க் கட்டைகளில் கத்தியால் கீறியதுபோல நெளிநெளியாக இருக்கும் நுண்வெட்டுகளும் அப்படித்தான். ஒவ்வொரு வெட்டும் நிலத்தைக் கடிக்கும் ஒரு விளிம்பு.

கைவேலையைப் பற்றி அதிகம் எழுத இல்லை. ஆனால் எழுதாமல் விடக் கூடாத ஒன்று துரு. ரொறன்ரோவின் வீதி உப்பு சில்லு உட்காரும் இடத்தைத் தின்றுவிடும். அந்தத் துருவைக் கம்பித் தூரிகையால் உரசி எடுக்காமல் சில்லைப் பூட்டினால், நட் இறுகியதுபோலத் தோன்றும். ஓட ஓடத் துரு நொறுங்கி, நட் தளரும். எங்கள் கடையில் அவசரம் எவ்வளவு இருந்தாலும் அந்த உரசலைத் தாண்ட அனுமதி இல்லை. இறுக்குவதும் வட்டமாக அல்ல, எதிரெதிராக, நட்சத்திர ஒழுங்கில்; கடைசிச் சுற்று எப்போதும் ரோர்க் ரெஞ்சால். காற்று இன்னொன்று. வெப்பநிலை ஐந்தாறு பாகை குறைய அழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ இறங்கும். ஒக்ரோபரில் சரியாக இருந்த ரயர் ஜனவரியில் மெலிந்து நிற்பது ஓட்டையால் அல்ல.

இதெல்லாம் கைக்கு வந்த பிறகுதான் முன்மேசைப் பக்கம் போக விட்டார். அங்கே வந்த முதல் வகைக் கேள்வி இது. கொரோலா வைத்திருக்கும் ஓர் அன்ரி கேட்டார்:

"தம்பி, முன்சில்லுதானே இழுக்குது. முன்னுக்கு ரெண்டு மட்டும் போட்டாக் காணாதோ?"

"இழுக்கிறதுக்குக் காணும் அன்ரி. நிப்பாட்டத்தான் காணாது."

பிரேக்கை அழுத்தும்போது காரின் பாரம் முன்னால் சாய்கிறது, பின்பக்கம் இலேசாகிறது. முன்சில்லு இரண்டும் இறுகப் பிடித்து, பின்சில்லு இரண்டும் வழுக்கினால் காரின் வால் முன்னே வரப் பார்க்கும். பிரிம்லி வீதி தெற்கே புளவ்வர்ஸ் பூங்காவுக்கு இறங்கும் அந்தச் செங்குத்தை நினைத்துப் பாருங்கள் என்றேன். அவருக்கு அந்த இறக்கம் தெரியும். இரண்டு மட்டும் போடுவது ஒன்றும் போடாததைவிட ஆபத்தாகலாம் என்பதால், எங்கள் கடையில் இரண்டாக விற்பதே இல்லை. போக்குவரத்துத் திணைக்களத்தின் அறிவுரையும் நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்பதே.

இரண்டாவது வகை, நாலு சில்லும் இழுக்கும் பெரிய வண்டிக்காரர்கள். "எனக்குத் தேவையில்லை, இது ஓல் வீல்" என்பார்கள். நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். நாலு சில்லும் இழுப்பது கிளம்புவதற்கு உதவும். நிற்பதற்கு உதவாது. சின்னக் காருக்கும் பெரிய வண்டிக்கும் பிரேக் நாலு சில்லில்தான் இருக்கிறது; பெரிய வண்டிக்குப் பாரமும் கூட. சுலபமாகக் கிளம்ப முடிவதால் வீதி எவ்வளவு வழுக்குகிறது என்பது ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. அது தெரியவரும் இடம் சிவப்பு விளக்கு.

ரொறன்ரோவுக்கு என்று ஒரு தனிக்குணம் உண்டு. இங்கே குளிர் ஒரேயடியாக இறங்கி நிற்பதில்லை. பகலில் உருகி, இரவில் உறையும். ஐஸ் மிக மோசமாக வழுக்குவது -20 பாகையில் அல்ல, பூச்சியத்துக்குப் பக்கத்தில், மேலே மெல்லிய நீர்ப்படலம் படிந்திருக்கும்போது. அந்தப் பூச்சியத்தை நாங்கள் ஒரு குளிர்காலத்தில் எத்தனையோ தரம் கடக்கிறோம். "நகரசபை உப்புப் போடுதுதானே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பெருவீதிகளுக்கு முதலில் போடும், உட்தெருக்களுக்குப் பிந்தித்தான் வரும், -10க்குக் கீழே போகப் போக அந்த உப்பின் வேகமும் குறைந்துவிடும். காலை 5 மணிக்குத் தொழிற்சாலை ஷிஃப்ற்றுக்குக் கிளம்புபவர், உப்பு வண்டிக்கு முன்னால் வீதிக்கு வருகிறார்.

இங்கேதான் அண்ணையின் கேள்விகள். அவர் எந்த ரயர் என்று கேட்பதற்கு முன், எத்தனை மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிடுவீர்கள் என்று கேட்பார். எந்த வீதி? மழைபனி என்றால் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் நிற்க ஏலுமா? பின்சீற்றில் பிள்ளைகள் போவார்களா? 400ஆம் நெடுஞ்சாலையில் பாரிப் பக்கம் ஓடுவீர்களா? அந்தப் பக்கம் ஜோர்ஜியன் குடாவின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் காற்று பனியைக் கொட்டும். ஸ்காபரோவில் வெயில் எறிக்கும்போது அங்கே வெள்ளைத்திரை. பதில்களைக் கேட்டு முடித்த பிறகே அவர் அலுமாரிப் பக்கம் போவார். இந்தக் கேள்விகளில் மிக முக்கியமானது, வீட்டில் நிற்க ஏலுமா என்பதுதான் என்று நான் நம்புகிறேன். ஓய்வு பெற்ற ஒரு ஐயா, கோயிலுக்கும் மருத்துவரிடமும் பகலில் மட்டும் போகிறவர், பனி நாளில் வெளியே வராதவர். அவருக்கு நல்ல ஆழமுள்ள ஓல் வெதர் ரயரே போதும் என்று அண்ணை சொல்லி அனுப்பினார். அந்த வகை ரயருக்கு மலைக்குறி உண்டு, வருடம் முழுவதும் கழற்றத் தேவையில்லை. கடும் ஐஸில் அசல் வின்ரர் ரயருக்கு அது ஈடாகாது. ஆனால் மலைக்குறி இல்லாத பழைய ஓல் சீசனைவிட எவ்வளவோ மேல். இரவு ஷிஃப்ற் செய்யும் தாதிக்கு அதையே சொல்ல மாட்டோம். அவர் போகாமல் இருக்க முடியாது.

காசுக் கணக்கையும் மேசையில் வைத்தே பேசுவோம். நாலு ரயரும் நாலு இரும்பு ரிம்மும் சேர்த்து 1200 டொலர் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து குளிர்காலம் ஓடினால் ஒரு குளிர்காலத்துக்கு 240. ஆனால் அந்த மாதங்களில் மற்ற நாலு ரயரும் நிலக்கீழ் அறையில் தேயாமல் கிடக்கின்றன. அவற்றின் ஆயுள் நீள்கிறது. எப்படியும் செலவாகப்போகும் காசின் ஒரு பங்கை முன்கூட்டிக் கட்டுகிறீர்கள். தனி ரிம் இருந்தால் பருவத்துக்குப் பருவம் ரயரை ரிம்மிலிருந்து பிரித்து ஏற்றும் கூலி மிச்சம். ரயரின் விளிம்பும் காயப்படாது. 2016 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் எல்லாக் காப்புறுதி நிறுவனங்களும் வின்ரர் ரயருக்குக் கழிவு தரவேண்டும் என்பது விதி. பெரிய தொகை இல்லை, சில சதவீதம்தான். ஆனால் நீங்கள் கேட்காவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தச் சொல்லித்தான் அனுப்புவோம்.

இந்தக் கணக்கைக் கவிழ்க்கும் பழக்கம் ஒன்று உண்டு: வின்ரர் ரயரைக் கழற்றாமல் கோடையிலும் ஓடுவது. அந்த இளகிய ரப்பர் ஜூலை மாத வீதியில் வேகமாகத் தேயும். சூட்டில் பிரேக்கும் நீளும். காசை மிச்சம் பிடிக்க வாங்கியது அதே காசைத் தின்றுவிடும். ஏப்ரலில் கழற்றத் தயாரில்லை என்று சொல்பவருக்கு ஓல் வெதரே நல்லது.

மாணவர்கள் வரும்போதுதான் மனம் கனக்கும். பழைய சிவிக், பகுதிநேர வேலை, இரவு 11 மணிக்குப் பீட்சா கொண்டுபோய்க் கொடுப்பது. புதியது வாங்கக் காசில்லை; பாவித்த ரயர் எங்கேயோ மலிவாகப் பார்த்திருப்பார்கள், பெயர் பெற்ற கம்பனி என்ற நம்பிக்கையோடு படத்தைக் காட்டுவார்கள். நான் அவர்களுக்கு இரண்டு விசயம் பார்க்கச் சொல்கிறேன். பக்கச் சுவரில் டி.ஓ.ரி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம்: 3814 என்றால் 2014ஆம் ஆண்டின் 38ஆவது கிழமை செய்தது. பத்து வருடத்துக்கு முந்திய ரப்பர் எவ்வளவு பெரிய பெயரோடு வந்தாலும் விறைத்திருக்கும். நகத்தை வைத்தால் தெரியும். மற்றது ஆழம். ஆழமானியை இரவல் கொடுத்து, விற்பவரின் வீட்டு வாசலில் வைத்து அளந்து பார்க்கச் சொல்வேன். 6க்குக் குறைவென்றால் அந்த ஒரு குளிர்காலத்துக்கே தாங்காது. அப்படியான பெயர் பெற்ற பழசைவிட, மலைக்குறி போட்ட மலிவான புதுசு நாலு எடுத்து, கட்டணத்தைத் தவணையில் கட்டுவது நல்லது. அண்ணையிடம் கேட்டால் ஏப்ரல் வரைக்கும் தவணை தருவார். நவம்பரிலேயே கேளுங்கோ, முதல் பனி விழுந்த பிறகு உங்கள் அளவு கடையில் இருக்காது.