இசைக்கு விலை பேசிய கதை

மண்ணடியில் நான் இரும்புச் சாமான் கடை வைத்து 31 ஆண்டுகள் ஆகின்றன. கீல், தாழ்ப்பாள், கொண்டி, பூட்டு, ஆணி ஆகியவற்றைக் கிலோவிலும் டஜனிலும் வாங்கி விற்றே காலத்தைக் கழித்தவன். ஒருவர் விலை சொன்னால் பாதியிலிருந்து பேரத்தைத் தொடங்குவது எங்கள் தெருவின் வழக்கம். சொல்பவரும் அதை எதிர்பார்த்தே சொல்வார். அந்தப் பழக்கத்தோடு ஒரு நாள் ஓர் இசையமைப்பாளரின் முன்னால் போய் அமர்ந்தேன். அதனால் நேர்ந்ததை வாசக அன்பர்களிடம் மறைக்காமல் சொல்லிவிட எண்ணுகிறேன்.

இசை கூடும், கூடாது என்னும் வழக்கு நம்மவரிடையே நெடுங்காலமாக இருந்து வருவதை அறிவேன். அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒருவரிடம் வேலை வாங்கிக் கூலி கொடுத்த கதையாகவே இதைப் படிக்க வேண்டுகிறேன்.

என் மூத்த மகள் கணினிப் பொறியியல் படித்தவள். 2021-இல் வேலையிலிருந்து திரும்பும் மாலை நேரங்களில் வகுப்புத் தோழி ஒருத்தியோடு சேர்ந்து புதிர் விளையாட்டு ஒன்றைச் செய்யத் தொடங்கினாள். கைப்பேசியிலும் கணினியிலும் ஆடுவது. பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமல், இரண்டு மூன்று பேர் கைக்காசைப் போட்டுச் செய்யும் இவ்வகை விளையாட்டுகளை 'இண்டி' என்கிறார்கள். அவள் எடுத்துக்கொண்ட பொருள் பூட்டு. சிறு வயதில் பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, பழுதாகித் திரும்பி வந்த திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டுகளைக் கழற்றிப் போட்டுக்கொண்டு விளையாடுவாள். பூட்டின் உள்ளே அடுக்கியிருக்கும் லீவர் தகடுகள் ஒவ்வொன்றும் அதனதன் உயரத்துக்கு எழும்பினால்தான் திறக்கும் என்பதை எட்டு வயதிலேயே எனக்குச் சொல்லிக் காட்டியவள். அந்த விளையாட்டே இப்போது திரைக்கு வந்தது. மொத்தம் 60 பூட்டுகள். தகடுகளைச் சரியான வரிசையில் நகர்த்தினால் பூட்டுத் திறக்கும். தவறினால் மீண்டும் விழுந்துவிடும்.

பணம் கொஞ்சம் வேண்டும் என்றாள். எதற்கென்று கேட்டேன். இசைக்கு என்றாள்.

"இசை இல்லாமலே விட்டுவிட்டால் என்ன?" என்றேன்.

அவள் சிரிப்பாள் என நினைத்தேன், சிரிக்கவில்லை. அப்படியும் செய்வதுண்டு என்றாள். ஜொனாதன் ப்ளோ என்னும் அமெரிக்கர் 2016-இல் வெளியிட்ட 'தி விட்னஸ்' என்னும் புதிர் விளையாட்டில் பின்னணி இசையே கிடையாதாம்; காலடி ஓசை, காற்று, நீர் ஆகியவைதாம் கேட்குமாம். அவரே 2008-இல் வெளியிட்ட 'பிரெய்ட்' விளையாட்டுக்கு, முன்பே பதிவாகியிருந்த பிறருடைய இசையை உரிமம் பெற்றுச் சேர்த்துக்கொண்டார். அந்த விளையாட்டில் காலத்தைப் பின்னோக்கி ஓட்டலாம். ஓட்டும்போது இசையும் பின்னோக்கி ஓடும். பின்லாந்துக்காரரான ஆர்வி டெய்க்காரி 2019-இல் வந்த 'பாபா இஸ் யூ'வுக்கு இசையையும் தாமே அமைத்துக்கொண்டார். செக் நாட்டில் 2009-இல் 'மஷினாரியம்' செய்தவர்கள் தோமாஷ் துவோர்ஷாக் என்னும் இசைஞரைக் கொண்டு செய்வித்தார்கள்.

"நமக்கு எது ஒத்து வரும்?" என்று கேட்டேன்.

"ஆள் வைப்பதுதான், வாப்பா. ஒவ்வொரு தகடும் எழும்பும்போது இசையில் ஒரு படி கூட வேண்டும். விழுந்தால் குறைய வேண்டும். கடையில் கிடைக்கும் இசையை அப்படிப் பிரிக்க முடியாது."

பெரம்பூரில் ஒரு வீட்டின் மூன்றாம் மாடி அறை. எதிரொலியை அடக்கச் சுவரெங்கும் பழைய போர்வைகள் தொங்கின. இருபத்துநான்கு வயது இளைஞர்; ஞாயிறுதோறும் தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பவர். மேசையில் இரண்டு நல்ல ஒலிபெருக்கிகளுக்கு நடுவே கண்ணாடி கீறிய மலிவான கைப்பேசி ஒன்று கிடந்தது. அது எதற்கென்று கேட்டேன்.

"பெரும்பாலோர் இதில்தான் கேட்கப் போகிறார்கள், அங்கிள். கனமான கீழ்ச் சுரங்கள் இதில் கேட்பதேயில்லை. இதில் கேட்காததை எழுதி என்ன பயன்?"

அவர் மேலும் சொன்னது எனக்குப் புதிது. சினிமாப் பாட்டு ஐந்து நிமிடங்களில் முடிந்துவிடும். புதிருக்கு முன்னால் ஒருவர் இரண்டு நிமிடம் உட்காரலாம். நாற்பது நிமிடமும் உட்காரலாம். அதுவரை அதே இசை சுழன்று சுழன்று வரும். மெட்டு மிக நன்றாக அமைந்துவிட்டால் அதுவே இடைஞ்சல். பதினைந்தாம் முறை வரும்போது எரிச்சல் மூட்டும். யோசிப்பவரின் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் பேச்சுக் கொடுக்கக் கூடாது. அப்படி எழுதுவதுதான் கடினம் என்றார்.

நான் இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டேனே தவிர, காதில் வாங்கிக்கொள்ளவில்லை. என் மனம் நிமிடத்தை எண்ணிக்கொண்டிருந்தது. முடிந்து கைக்கு வரும் இசைக்கு நிமிடக் கணக்கில் விலை பேசுவது அத்தொழிலின் வழக்கம். நிமிடத்துக்கு 3,000 ரூபாய் கேட்டார். இருபது நிமிடங்களுக்கு 60,000. நான் 1,000 என்றேன். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியில் 1,500-க்கு முடிந்தது. அதோடும் விடாமல், "முதல் துண்டைச் செய்து காட்டுங்கள், தம்பி, பிடித்தால் மற்றதற்கு முன்பணம் தருகிறேன்" என்றேன். சரக்கின் மாதிரி பார்க்காமல் நான் எதையும் வாங்கியதில்லை. ஆனால் என் மாதிரிச் சரக்குகள் எல்லாம் முன்பே செய்து வைத்தவை. இவர் எனக்காக எட்டு நாள் உட்கார்ந்து புதிதாகச் செய்தார் என்பது அப்போது உறைக்கவில்லை.

துண்டு வந்தது, மகளுக்கும் அவள் தோழிக்கும் பிடித்தது. கடைக்கு எதிரே இருக்கும் தட்டச்சு நிலையத்தில், ஏஜென்டுகளுக்கென்று நான் வைத்திருந்த பழைய படிவத்தைத் திருத்தி ஓர் ஒப்பந்தம் அடித்தேன். இந்த இசையின் மீதுள்ள சகல உரிமைகளும் என்றென்றைக்குமாக வாங்குபவரையே சேரும், அமைத்தவருக்கோ அவர் வாரிசுகளுக்கோ எவ்விதப் பாத்தியமும் கிடையாது என்பது அதன் சாரம். இளைஞர் இரண்டு பக்கங்களையும் படிக்காமலே கையெழுத்திட்டார். 10,000 ரூபாய் முன்பணத்தை எண்ணாமலே பையில் வைத்துக்கொண்டார். நல்ல பையன் என்று நினைத்தேன்.

அதன்பின் வாரந்தோறும் வீட்டுக்கு வருவார். சாப்பாட்டு மேசையில் கணினியை விரித்துக்கொண்டு மூவரும் அமர்வார்கள். சுழன்று வரும் இசையின் தலையும் வாலும் சேருமிடத்தில் ஓர் இடறல் கேட்டது. பல நாள் அதைத் துரத்தினார்கள். எம்பி3 வடிவத்தில் சேமித்தால் துண்டின் முன்னும் பின்னும் நூலிழை அளவு வெற்றொலி ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஆக் என்னும் வேறு வடிவத்துக்கு மாற்றினார்கள். அப்படியும் போகவில்லை. கடைசிச் சுரத்தின் கார்வை சட்டென அறுபட்டதுதான் காரணம். அந்தக் கார்வையை வெட்டி எடுத்துத் தொடக்கத்தின் அடியில் ஒட்டினார். பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டு எத்தனை முறை கேட்டும் சுற்று எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. முதல் துண்டை மட்டும் நான்கு முறை திருத்தி எழுதினார். நான்குக்கும் சேர்த்து நான் கொடுக்கவிருந்தது ஒரே விலை.

ஒரு நாள் கடைக்கே வந்து, ஓசையைப் பதிவு செய்யப் பூட்டுகள் இரவல் கேட்டார். தகடு எழும்பும் 'களுக்'கென்ற ஓசையைத் தம் இசையின் சுருதியோடு பொருத்தப் போவதாகச் சொன்னார். மாங்காய்ப் பூட்டு, பெட்டிப் பூட்டு என்று பதினொன்றைப் பொறுக்கிக் கொடுத்தேன். கொடுத்தவன் சும்மா இருந்தேனா? 'இரவல் - திருப்பித் தரத்தக்கது' என்று எழுதி, பதினொன்றுக்கும் சலான் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். நான்காம் நாள் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பதினொன்றையும் கொண்டுவந்து வைத்தார்.

ஒப்பந்தம் என் மகளின் கண்ணில் பட்டது அந்த வாரம்தான். விளையாட்டை ஸ்டீம் என்னும் இணைய அங்காடியில் ஏற்றுவதற்காக இசையின் உரிமைப் பத்திரத்தைத் தேடியவள், என் கோப்பிலிருந்து அதை எடுத்து நின்றபடியே படித்தாள். பிறகு இரவல் சலானையும் எடுத்துவந்து இரண்டையும் என் முன்னே பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"பதினொரு பூட்டுக்கு இரவல் சலான் போட்டிருக்கிறீர்கள், வாப்பா. அவருடைய இசையையும் நாம் இரவலாக வாங்கினால் போதாதா? நம் விளையாட்டில் ஒலிக்க வேண்டும், அவ்வளவுதானே? நாளைக்கு அவர் தம் மெட்டைத் தாமே ஒரு மேடையில் வாசிக்க வேண்டுமானால் உங்கள் கடைக்கு வந்து அனுமதி கேட்க வேண்டுமா?"

வியாபாரத்தில் இருவரும் ஒப்பினால் சரிதானே என்று வாதாடினேன். அவள் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அன்றிரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் திருமறையிலேயே மிக நீண்டது என்பதை வியாபாரிகள் கூட்டத்தில் நானே பலமுறை எடுத்துப் பேசியிருக்கிறேன். எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் என்பதும் அதே வசனத்தில்தான் வருகிறது. அந்தப் பகுதியை நான் மேடையில் அழுத்திச் சொன்னதாக நினைவில்லை.

மறுநாள் உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராயிருக்கும் என் மச்சானிடம் பத்திரத்தைக் காட்டினேன். அவர் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பை மறக்க முடியாது. சம்பளத்துக்கு வேலை செய்பவர் அல்லாத ஒருவர் அமைத்த இசைக்கு முதல் உரிமையாளர் அவரே. எழுத்து மூலம் கையெழுத்திட்டு மாற்றிக் கொடுத்தால்தான் அது பிறருக்குப் போகும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் சொல்வது இது. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எந்தெந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு கொள்கிறது.

"என்றென்றைக்கும் என்று காலத்தை மட்டும் ஆசையாக எழுதியிருக்கிறீர்கள், மச்சான். இடத்தை எழுதவில்லை. விளையாட்டோ உலகம் முழுவதும் விற்கப் போகிறது. ஆக, அந்தப் பையனிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டீர்கள்; உங்கள் மகளுக்குத் தேவையானதை மட்டும் வாங்காமல் விட்டுவிட்டீர்கள்."

புதிய பத்திரத்தை மகளும் அவள் தோழியும் மச்சானுமாக உட்கார்ந்து எழுதினார்கள். இசை அமைத்தவருக்கே சொந்தம். இந்த விளையாட்டிலும் இதன் விளம்பரங்களிலும், உலகெங்கும், காலவரையின்றிப் பயன்படுத்தும் உரிமை எங்களுக்கு. வேறு எந்த விளையாட்டுக்கும் அவர் இதைக் கொடுக்கலாகாது. தனி இசைத் தொகுப்பாக விற்றுக்கொள்ளலாம், மேடையில் வாசிக்கலாம். திறக்கும் திரையில் அவர் பெயர் வர வேண்டும். ஒரு துண்டுக்கு இரண்டு திருத்தங்கள். அதற்கு மேல் கேட்டால் தனிக் கூலி. தொகையை 45,000 ஆக்கினேன். அதை மூன்று தவணைகளாகப் பிரித்து, வேலை தொடங்கும் முன்பே முதல் தவணை என்றும் எழுதினோம். எங்கள் விஷயத்தில் அது காலங்கடந்த நேர்மைதான். அங்காடிகளின் பங்கு போக எங்கள் கைக்கு வருவதில் நூற்றுக்கு ஐந்து அவருக்கு. இந்தக் கடைசி வரியைச் சேர்த்தவள் என் மகள். அவளிடம் அதற்குப் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

பழைய பத்திரத்தை எடுத்துக்கொண்டு நானே பெரம்பூருக்குப் போனேன். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கி உட்கார்ந்து, அதில் என்ன எழுதியிருந்தது என்பதை வரி வரியாகச் சொன்னேன். அவர் முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன்.

"நான் அதைப் படிக்கவே இல்லை, அங்கிள்" என்றார். "படித்தால் கையெழுத்துப் போட முடியாமல் போய்விடும் என்று பயம். அந்த மாதம் இந்தக் கணினிக்கு இரண்டு தவணை பாக்கி."

பழையதை அவர் எதிரிலேயே கிழித்தேன். தேநீர் வாங்கி வரச் சொன்னார், குடித்தோம். அதிகம் பேசவில்லை.

விளையாட்டு 2023-இல் வெளிவந்தது. பெரிய விற்பனை என்று சொல்வதற்கில்லை. ஆடியவர்களில் சிலர் பூட்டின் ஓசையைக் குறிப்பிட்டு எழுதியதாக மகள் சொன்னாள். சிலர் ஓசையை அடைத்துவிட்டே ஆடினார்களாம். முதல் மூன்று மாதக் கணக்கில் அந்த இளைஞரின் பங்கு 2,340 ரூபாய் வந்தது. வங்கியில் அனுப்பிவிடலாம் என்றார்கள். நான் பணத்தை உறையில் போட்டுக்கொண்டு, இரசீதையும் எழுதி எடுத்துக்கொண்டு நேரில் போனேன்.

அவர் உறையைப் பிரித்து நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு இரசீதை வாங்கி, சன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய் மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். தேதியில் மாதத்தை நான் தவறாக எழுதியிருந்தேன். அதைச் சுட்டிக் காட்டினார். அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டுக் கொடுத்தேன். அதன்பிறகே கையெழுத்திட்டார்.