இலண்டன் செல்லத் தக்க பருவம்

ஒரு நகரைக் காணப் பருவந் தேர்வோர் பெரும்பாலும் குளிரையும் வெயிலையுமே எண்ணுவர். இலண்டனிலுள்ள தமையனாரிடம் அன்னையாரை அழைத்துச் செல்வது பற்றி ஆழ்வார்பேட்டை இல்லத்தில் ஆராய்ந்தபோது, யான் பகலொளியை எண்ணினேன். அன்னையார்க்கு விளக்கொளியில் முகம் தெளிவாய்த் தெரிவதில்லை, பகலில் தெரியும்.

சென்னையிற் பகலளவு ஆண்டு முழுதும் 12 மணி நேரத்தினின்று அதிகம் வேறுபடுவதில்லை. வடக்கே 51 பாகைக்கு மேலுள்ள இலண்டனிலோ, டிசம்பரிற் பெரும்பாலும் மாலை 4 மணிக்கு முன்னரே கதிரவன் மறைவான். ஜூன் முழுதும் இரவு 9 மணிக்குப் பின்னரே மறைவான்.

தமையனார் டிசம்பர் விடுமுறைக்கே அழைத்தார். மார்கழி இசைவிழாவைத் துறந்து அவ்விருளுக்குச் செல்வதில் யாது பயன்? ஜூனிலோ, பெயரன் பள்ளியினின்று திரும்பிய பின்னும் ஐந்து மணி நேரப் பகல் எஞ்சும். தேம்ஸ் நதிக்கரையில் அவனுடன் உலாவி, அவன் முகத்தை அன்னையார் கண்ணாரக் காண அப்பொழுது போதும். ஆதலின் ஜூனையே துணிந்தோம்.