கோச்சிப் பாதைக்கு மேலே ஒரு லயம்

இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் நடுவில், கோச்சிப் பாதைக்கு நேர் மேலே இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம். அங்கே கடிகாரம் வைத்திருந்தவர் கங்காணித் தாத்தா மட்டும்தான், அதுவும் பாதி நாள் நின்றுபோய்க் கிடக்கும். விடியுமுன் இரவு மெயில் மூச்சு வாங்கிக்கொண்டு மலையேறும்போது அப்பாயி எழும்பி அடுப்பை ஊதத் தொடங்குவாள். ஈர விறகுப் புகையும் சுடு ரொட்டி வாசமும் தேத்தண்ணிச் சாயமும் கம்பளிக்குள் புகுந்து மூக்கைத் தேடி வரும், அதற்குப் பிறகுதான் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும். பகலில் பொடி மெனிக்கே கோச்சி போனால் கொழுந்துக் கூடைகள் நிறுவைக்கு இறங்கப் போகின்றன என்று அர்த்தம். அது பிந்தினால் எங்கள் வயிறும் பிந்தும்.

பள்ளிக்கூடம் விட்டதும் படங்குச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மண்மேட்டில் குந்தியிருப்போம். மழைத் தண்ணீர் முதுகில் வழியும், காலில் அட்டை ஏறும், கீழே இஸ்டோரிலிருந்து வாடிய கொழுந்தின் வாசம் வரும். அந்த நாளில் கனடா கொடுத்த டீசல் இஞ்சின்கள் ஓடின. பலவற்றுக்கு அந்த நாட்டு மாகாணங்களின் பெயர். அல்பேர்டா என்று எழுத்துக்கூட்டி வாசித்த நான், அது முந்தியிருந்த வெள்ளைக்காரத் தொரையின் தொரைசானி பெயர் என்று முடிவு கட்டி, தம்பிக்கும் சொல்லிவைத்தேன். அவன் வெகுகாலம் அந்த இஞ்சினைக் கண்டால் எழும்பி நின்று சலாம் போட்டான்.

தீபாவளிக்குச் சீலை எடுக்க அட்டனுக்குப் போவதுதான் எங்கள் பெரிய பயணம். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் கோச்சி நுழைந்ததும் இளந்தாரிகள் ஊளையிடுவார்கள், பிள்ளைகள் அலறும், கைக்கு அகப்பட்ட அம்மாவின் முந்தானையை நான் பிடித்துக்கொள்வேன். வெளிச்சம் வந்ததும் நான்தான் பயப்படாதவன் மாதிரி ஜன்னலில் தலையை நீட்டுவேன். ஸ்டேசனில் மாஸ்டர் பாதை அனுமதி வளையத்தை நீட்ட, டிரைவர் ஓடும் கோச்சியிலிருந்தே கையில் மாட்டிக்கொள்வார். பெரியவனானால் அந்த வளையம் வாங்கும் வேலைதான் எனக்கு என்றிருந்தேன்.

அப்பாயிக்குக் கோச்சிமேல் அப்படியொன்றும் ஆசை கிடையாது. அவளுடைய பாட்டன்மார் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தே வந்தவர்கள். பேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களை அங்கேயே விட்டு வந்தவர்கள். அவர்களைக் கூப்பிட்டது கோப்பி. கோப்பி இறக்கத்தான் வெள்ளைக்காரன் மலைக்குக் கோச்சிப் பாதை போட்டான். அது 1884இல் அட்டனை எட்டுவதற்குள் இலைநோய் வந்து கோப்பி அழிந்து, அந்த மலைகளில் தேயிலை ஏறத் தொடங்கியிருந்தது. தலைமன்னாருக்கும் கோச்சி வந்தது 1914இல். அதன் பிறகு நடக்க வேண்டியதில்லை. "வாறதுக்கு நடை, போறதுக்குக் கோச்சியாம்" என்று அப்பாயி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொல்வாள்.

போவதும் வந்தது. இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 1964இல் போட்ட ஒப்பந்தத்தில் எங்கள் சனத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதியிருந்தது. எங்கள் லயத்தில் முதலில் பாஸ்போர்ட் வந்தது அத்தை வீட்டுக்கு. அத்தை பிறந்தது இதே லயத்துத் தொங்கல் காம்பராவில். இந்தியாவை அவள் படத்தில் மட்டும் பார்த்திருந்தாள். தகரப் பெட்டி, தலையணை மூட்டை, துணியில் முடிந்த தேயிலைத் தூள். ஸ்டேசனில் ஒரே ஒப்பாரி. ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கை, வெளியிலிருந்து ஒரு கை, கோச்சி நகர்ந்த பிறகும் விடவில்லை. நானோ அத்தான் கொடுத்துவிட்டுப் போன கோலிக் குண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். போகிற கோச்சி திரும்பி வரும்தானே, அத்தையும் வருவாள் என்பது என் கணக்கு. பிறகு பல நாள் மண்மேட்டில் நின்று ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தேன்.

தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கேயும் கொழுந்துதான். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போனீர்களென்றால், வயசான சிலோன்காரர் யாரையாவது கண்டு, எந்த ஸ்டேசனில் கோச்சி ஏறினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் நேரம் வைத்துக்கொண்டு கேளுங்கள், பேச்சு லேசில் முடியாது.