சாயந்திரம் மட்டும் காணாமல் போன பெட்டி

 

கோயில் படங்கள் எல்லாம் பத்திரமா இருக்கு. முதல்ல அதைச் சொல்லிடுறோம், ஏன்னா மூணு வாரமா குரூப்ல பலரும் பலவிதமா பேசியாச்சு. அத்தாப்புக் கூரை போட்டிருந்த காலத்துப் படம், போன கும்பாபிஷேகப் படம், தவில்கார ஐயா உயிரோட இருந்தப்ப எடுத்த வீடியோ, தைப்பூசப் பால்குடம், எதுவும் அழியல. என்ன நடந்துச்சுன்னு விவரமா எழுதச் சொல்லித் தலைவர் கேட்டுக்கிட்டார். கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்குங்க.

புதுசா வந்தவங்களுக்கு ஒரு விளக்கம். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தப்ப கோயில் கதவைச் சாத்திட்டு குருக்கள் ஐயா மட்டும் உள்ளே பூஜை செய்தார். அதைப் போன்ல பிடிச்சு வீட்டுல இருக்கிறவங்களுக்குக் காட்டினோம். அப்போதான் வீடியோ மலை மாதிரி குவிய ஆரம்பிச்சது. பென்டிரைவ், பழைய லேப்டாப், இவர் போன், அவர் போன்னு சிதறிக் கிடந்ததை ஒரே இடத்துல சேர்க்கலாம்னு இளைஞர் பிரிவுத் தம்பி ஒருத்தர் யோசனை சொன்னார். உபயதாரர் ஒருவர் பணம் கொடுத்தார். அப்படி வாங்கினதுதான் அந்த நாஸ் பெட்டி. ரெண்டு செங்கல்லைச் சேர்த்து நிக்க வச்ச அளவுதான் இருக்கும். உள்ளே 4 டெராபைட் ஹார்ட்டிஸ்க் ரெண்டு. ஒண்ணுல எழுதுறதையே இன்னொண்ணுலயும் எழுதும், ஒண்ணு செத்தாலும் மற்றது நிக்கும். கோயில் ஆபீஸ் மழை பெய்தா ஒழுகுது. அதனால பெட்டியை எங்க வீட்டு ஸ்டோர் ரூம்ல, ரூட்டர் பக்கத்துல வச்சோம்.

கும்பாபிஷேக மலர் வேலை ஆரம்பிச்சதும் தொல்லையும் ஆரம்பிச்சது. மலர்க் குழுவுல எல்லாரும் வேலைக்குப் போறவங்க. ராத்திரி ஏழரை மணிக்குத்தான் எங்க வீட்டுக்கு வருவாங்க. லேப்டாப்பைத் திறந்தா பெட்டி வராது. பத்து நிமிஷம் கழிச்சு வரும், ரெண்டு படம் காட்டும், மறுபடியும் போயிடும். நாங்க அந்த மாசம் நைட் ஷிப்ட். காலையில வந்து தூங்கி எழுந்து மத்தியானம் பார்த்தா பெட்டி சும்மா ஜம்முனு வேலை செய்யுது. "எங்களுக்குத் திறக்குதே"ன்னு குரூப்ல போட்டோம். அது இன்னும் மோசமாயிடுச்சு. "அவங்க வீட்டுல இருக்கு, அவங்களுக்கு மட்டும் திறக்குது"ன்னு ஒருத்தர் எழுதினார். நிர்வாகத் தேர்தல் நெருங்குற நேரம் வேற. பழைய நிர்வாகத்துப் படங்களை வேணும்னே மறைக்கிறாங்கன்னு பேச்சு கிளம்பிடுச்சு. பெட்டியை அமைச்சுக் கொடுத்த தம்பியையும் விடல. அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை பதில் சொல்லாம குரூப்பை விட்டு வெளியே போயிட்டார்.

இதுக்கு நடுவுல ஒருத்தர் நல்ல மனசோடதான் சொன்னார்: ஹார்ட்டிஸ்கைக் கழட்டி என் கம்ப்யூட்டர்ல மாட்டிப் பார்த்துடலாமேன்னு. இது எல்லாருக்கும் தெரிய வேண்டிய விஷயம். இந்த மாதிரிப் பெட்டிகள் பெரும்பாலும் லினக்ஸ் முறையில எழுதும். விண்டோஸ் அதைப் படிக்காது. படிக்க முடியலன்னு சொல்றதோட நிக்காம, "ஃபார்மட் செய்யவா?"ன்னு கேட்கும். அவசரத்துல யாராவது ஆமான்னு தட்டினா அதுக்கப்புறம் தேடுறது பெரும்பாடு. போன தைப்பூசம் வரைக்கும் உள்ள படங்களுக்குப் பொருளாளர் வீட்டுல இன்னொரு நகல் இருக்கு. அதுக்குப் பின்னாடி எடுத்ததெல்லாம் அந்தப் பெட்டியில மட்டும்தான். தவில்கார ஐயாவோட கடைசி வாசிப்பும் அதுலதான். அவங்க வீட்டம்மா வருஷத் திதிக்கு அதைக் கேட்டு ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க. அதனால டிஸ்கை யாரும் தொடக்கூடாதுன்னு கறாரா சொல்லிட்டோம். சிலருக்கு வருத்தம்தான்.

நாங்க படிச்சது எஸ்.பி.எம். வரைக்கும். கம்ப்யூட்டர் பாடம் எல்லாம் கிடையாது. ஆனா மிஷின் ஓடுற லைனைப் பார்த்துக்கிட்டு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. விட்டு விட்டு நிக்கிற மிஷினை உடனே பிரிச்சுப் போடமாட்டோம். எப்போ நின்னுச்சு, அப்போ பக்கத்துல என்ன ஓடுச்சுன்னு நோட்டுல எழுதுவோம். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும்தான் மாத்துவோம். அதையே இங்கேயும் செய்தோம்.

முதல்ல கேபிள். பெட்டி பின்னாடி பச்சை விளக்கு எரியுது, சிமிட்டுது. ஆனா விளக்கு எரியுறதால மட்டும் கேபிள் நல்லா இருக்குன்னு சொல்லிட முடியாது. அதுக்குள்ள எட்டு கம்பி இருக்கு. நாலு கம்பி நல்லா இருந்தாலே விளக்கு எரியும், வேகம் மட்டும் பத்துல ஒண்ணா குறைஞ்சிடும். மத்தியானத்துல ஒரு பெரிய வீடியோவை காப்பி பண்ணிப் பார்த்தோம். வினாடிக்கு 100 மெகாபைட் கிட்ட வந்துச்சு. கேபிள் பழுதா இருந்தா 11-ஐத் தாண்டாது. ஆக கேபிள் இல்லை. இருந்தாலும் மனசு கேட்காம வேற கேபிள் மாட்டி, ரூட்டர்ல வேற ஓட்டையிலயும் சொருகிப் பார்த்தோம். அன்னைக்கு ராத்திரியும் பெட்டி காணோம்.

அடுத்தது நோட்டு. வீட்டுல எல்லாருக்கும் சொல்லி, திறந்தா நேரம், திறக்கலன்னா நேரம்னு எழுத வச்சோம். ரெண்டு வாரம் ஓடிச்சு. பகல்ல ஒரு தடவைகூடப் பிரச்சனை இல்லை. ராத்திரி ஏழு மணியில இருந்து பத்தரை வரைக்கும்தான். அதுலயும் ஒரு வேடிக்கை, ரெண்டு வெள்ளிக்கிழமையும் ராத்திரி நல்லா இருந்துச்சு. பூஜை முடிஞ்சு வந்த மலர்க் குழுப் பிள்ளைங்க பதினொரு மணி வரைக்கும் தடையில்லாம படம் எடுத்தாங்க. வெள்ளிக்கிழமை முருகன் அனுக்கிரகம்னு ஒரு பாட்டி சொன்னாங்க. நாங்க மறுத்துப் பேசல. ஆனா வெள்ளிக்கிழமை எங்க வீட்டுல வேற என்ன மாறுதுன்னு மட்டும் யோசிச்சுக்கிட்டே இருந்தோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஷிப்ட் மாத்திக்கிட்டு ராத்திரி வீட்டுல உட்கார்ந்தோம். பெட்டிக்கு 192.168.1.20-ன்னு ஒரு முகவரி உண்டு. கம்ப்யூட்டர்ல பிங்னு ஒரு கட்டளை இருக்கு, அந்த முகவரியில யாராவது இருக்கீங்களான்னு குரல் கொடுக்கும். கொடுத்தோம். பதில் வருது! ஆனா பெட்டி திறக்கல. வீட்டுக்குள்ள ஆள் இருக்கு, கதவு மட்டும் திறக்கமாட்டேங்குதுங்கிற மாதிரி. அப்புறம் ஒரு எண்ணம் வந்து பெட்டியோட கேபிளைக் கையால பிடுங்கிட்டோம். பிங் ஓடிக்கிட்டே இருக்கு. பதில் வந்துக்கிட்டே இருக்கு!

பெட்டி தனியா நிக்குது, அதோட முகவரியில இருந்து வேற யாரோ பதில் சொல்றாங்க. உடம்பு கொஞ்சம் சிலிர்த்துப் போச்சு, பொய் சொல்லல.

ஒவ்வொரு கருவிக்கும் மேக் அட்ரஸ்னு ஒண்ணு உண்டு, பிறப்புப் பத்திர நம்பர் மாதிரி. பெட்டியின் அடியில ஸ்டிக்கர்லயே இருக்கும். ஏஆர்பி-ங்கிற கட்டளையைத் தட்டினா எந்த முகவரியில எந்த நம்பர் இருக்குன்னு காட்டும். 20-ல இருந்தது ஸ்டிக்கர்ல உள்ள நம்பர் இல்லை. ரூட்டர் பக்கத்தைத் திறந்து பட்டியலைத் தேடினோம். அந்த நம்பருக்கு நேரா எழுதியிருந்தது டிவி.

ஹால்ல அம்மா சீரியல் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. எண்பது வயசு, ஏழு மணிக்கு உட்கார்ந்தா பத்தரைக்குத்தான் எழுந்திருப்பாங்க. வெள்ளிக்கிழமை மட்டும் எங்களோட கோயிலுக்கு வந்துட்டு, களைச்சுப் போய் நேரா படுத்துடுவாங்க. "அம்மா, ஒரே ஒரு நிமிஷம்"னு சொல்லி டிவியை மொத்தமா அணைச்சோம். பிங் நின்னுச்சு. கேபிளைப் பெட்டியில திரும்பச் சொருகினோம். படங்கள் வந்து நின்னுச்சு. "நல்ல கட்டத்துல அணைச்சிட்டீங்களேடா"ன்னு அம்மா திட்டினதும் அதே நிமிஷம்தான்.

விஷயம் இதுதான். இது ஆரம்பிக்கிறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி லைன் கம்பெனி ஆள் வந்து பழைய ரூட்டரை எடுத்துட்டுப் புதுசு மாட்டிட்டுப் போனார். 20-ஆம் நம்பரை வேற யாருக்கும் கொடுக்காதேன்னு தம்பி பழைய ரூட்டர்ல சரியா எழுதி வச்சிருந்தார். அந்தக் குறிப்பு பழைய ரூட்டரோடயே போயிடுச்சு. மாத்துற நேரத்துல பெட்டி அணைஞ்சு இருந்துச்சு. புது ரூட்டர் 20 காலியா இருக்குன்னு நினைச்சு டிவிக்குக் கொடுத்துடுச்சு. ஒரே ஜாலான்ல 20-ஆம் நம்பர் வீடு ரெண்டு இருந்தா தபால்காரர் இன்னைக்கு இங்கே போடுவார், நாளைக்கு அங்கே போடுவார். டிவி அணைஞ்சா ஒரே வீடு, எல்லாம் ஒழுங்கு. எங்களுக்குப் பகல்ல மட்டும் திறந்த ரகசியமும் அதுதான், யாரும் எதையும் மறைக்கல.

சரி பண்ண அஞ்சு நிமிஷம் ஆகல. ரூட்டர்ல தானா கொடுக்கிற நம்பர் 100-ல இருந்து 200 வரைக்கும்தான்னு கட்டுப்படுத்தினோம். 20 பெட்டிக்கு மட்டும். டிவியை அணைச்சுப் போட்டதும் புது நம்பர் வாங்கிக்கிச்சு. பெட்டியோட முகவரியையும் மேக் நம்பரையும் காகிதத்துல எழுதி மேலேயே ஒட்டியாச்சு, நாளைக்கு ரூட்டரை யார் வந்து மாத்தினாலும் கண்ணுல படும். இனி புதுசா சேர்ற படங்களுக்கு மாசம் ஒரு தடவை பொருளாளர் வீட்டு டிஸ்க்ல நகல் எடுக்குறதாவும் நிர்வாகம் முடிவு பண்ணியிருக்கு.

தவில்கார ஐயா வீடியோவை அவங்க வீட்டம்மா கையிலேயே கொடுத்துட்டோம். நாப்பது நிமிஷம் முழுசா உட்கார்ந்து பார்த்தாங்க, நடுவுல ஒருத்தரும் பேசல. தம்பி வீட்டுக்கு நாங்களும் செயலாளரும் நேர்ல போய் நடந்ததைச் சொன்னோம். போன ஞாயிற்றுக்கிழமை வந்து மலர் பக்கம் அமைக்க உட்கார்ந்துட்டார். குரூப்ல இன்னும் சேரல. அவரைப் பற்றி எழுதினவங்க யார் யாருன்னு அவங்கவங்களுக்கே தெரியும், ஒரு போன் பண்ணிடுங்க.

மலருக்கு அத்தாப்புக் காலத்துப் படம் இன்னும் தேவைப்படுது. வீட்டு ஆல்பத்துல இருந்தா கொண்டு வாங்க, எங்க வீட்டுலயே ஸ்கேன் பண்ணிட்டு அப்பவே திருப்பிக் கொடுத்துடுவோம். படம் வேணும்ங்கிறவங்க பென்டிரைவோட வரலாம், இப்போ எந்த ராத்திரியும் சரி. ஏழு மணிக்கு மேல ஹால்ல அம்மாவோட சீரியல் ஓடும், சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்குங்க.