ஓரத்தில் ஒரு புள்ளி

கம்ப்யூட்டரை டிவியோடு எப்படி இணைப்பது என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருக்கும். "ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிள் வாங்கிச் சொருகு, முடிஞ்சது." முடியாது. படமும் ஒலியும் அந்த ஒரே கேபிளில் போய்ச் சேர்ந்துவிடும் என்பது உண்மைதான். போய்ச் சேர்ந்த பிறகு டிவி அதை என்ன செய்கிறது என்பது தனிக் கதை. ஓரங்களை வெட்டும். கருப்பைச் சாம்பலாக்கும். படத்தில் இல்லாத ஃபிரேம்களைத் தானே உண்டாக்கி நடுவில் செருகும். நம்மில் பாதிப் பேர் இதையெல்லாம் கவனிப்பதில்லை. எங்கள் வீட்டில் கவனிப்பதற்கென்றே ஓர் ஆள் இருந்தார்.

அப்பா 34 வருடம் சினிமா ஆப்பரேட்டர். தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊர்த் தியேட்டரில் 1979இல் கையாளாகச் சேர்ந்தவர், 2013இல் அதை மூடும்வரை அந்த ஒரு அறையில்தான் இருந்தார். கார்பன் குச்சி எரியும் மெஷினில் ஆரம்பித்து ஸெனான் விளக்கு வரைக்கும் பார்த்தார். அதற்குப் பிறகு வந்த டிஜிட்டலுக்கு அவர் தேவைப்படவில்லை, தியேட்டரே தேவைப்படவில்லை. அந்த இடம் இப்போது கல்யாண மண்டபம். மூடிய பிறகு நாலு வருடம் அவர் வீட்டில் ஒரு படம்கூட முழுதாகப் பார்க்கவில்லை. டிவியில் படம் ஓடினால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். கேட்டால், "அதுல என்ன இருக்கு" என்பார்.

2017இல் அவருக்குக் கண்ணில் பிரஷர் என்று தெரிந்தது. க்ளாக்கோமா. கண்புரை மாதிரி மங்கலாகி, ஆபரேஷன் செய்தால் தெளிவாகிற நோய் இல்லை இது. பெரும்பாலும் பக்கவாட்டுப் பார்வையில்தான் முதலில் கை வைக்கும். போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. இதில் கொடுமை என்னவென்றால், போவது போகிறவருக்கே தெரியாது. தெரியாத இடத்தில் கருப்பாக ஒன்றும் தோன்றுவதில்லை. சுற்றிலும் இருப்பதை வைத்து மூளை அந்த இடத்தை நிரப்பிக்கொள்கிறது. வாசல் நிலையில் தோள் இடிக்கும்போது, பக்கத்தில் வந்த சைக்கிளைக் கடைசி நொடியில் பார்க்கும்போதுதான் சந்தேகம் வரும்.

அந்த வருடம்தான் என் பழைய கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து 40 இஞ்ச் டிவியோடு இணைத்தேன். கண் இருக்கும்போதே அவர் ஓட்டிய படங்களை அவர் பார்த்துவிட வேண்டும் என்று ஓர் அவசரம். அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. "பழைய படம்லாம் சேத்து வச்சிருக்கேன்ப்பா" என்று மட்டும் சொன்னேன். கோடி என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். 2000களின் தொடக்கத்தில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் படம் பார்ப்பதற்காக ஆர்வலர்கள் சிலர் எழுதியது அது, 2014இல்தான் இந்தப் பெயர் வந்தது. போஸ்டர்களை வரிசையாக அடுக்கிக் காட்டும், ரிமோட்டில் ஓடும், கீபோர்டு தேவையில்லை. அம்மா டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "பாம்புப் புத்து மாதிரி கெடக்கு, எப்படிப் பெருக்குறது?" என்றாள்.

முதல் படம் போட்டு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"ஏம்மா, இது என்ன கல்யாண வீடியோ மாதிரி இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சொன்னதுதான் துல்லியம். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். கல்யாண வீடியோ எடுத்த கேமராக்கள் நொடிக்கு 50 தடவை அசைவைப் பதிவு செய்தவை. அதனால்தான் அதில் எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். புது டிவிக்கள் 24 ஃபிரேம்களுக்கு நடுவில் தாங்களாகவே ஃபிரேம்களைக் கணக்குப் போட்டு உண்டாக்கிச் செருகி, சினிமாவையும் அப்படி வழுக்க வைக்கின்றன. மெனுவுக்குள் போய் அதை அணைத்தேன்.

இப்போது வேறொரு குறை. கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் தத்தித் தத்திப் போனது. "ஷட்டர்ல கோளாறு மாதிரி இருக்கு" என்றார் அப்பா. ஷட்டர் எங்கே இருக்கிறது இதில்? ஆனால் அதுவும் கிட்டத்தட்டச் சரிதான். தியேட்டர் மெஷினில் ஷட்டர் ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு முறை திரையில் காட்டும். 24 ஃபிரேம், 48 வெளிச்சம். எல்லா ஃபிரேமுக்கும் சம நேரம். கம்ப்யூட்டர் டிவிக்கு நொடிக்கு 60 படம் அனுப்புகிறது. 60ஐ 24ஆல் வகுத்தால் இரண்டரை வரும். அரை ஃபிரேம் காட்ட முடியாது. அதனால் ஒரு ஃபிரேம் இரண்டு முறை, அடுத்தது மூன்று முறை என்று மாறி மாறி வரும். அந்த நொண்டல்தான் அவர் கண்ணில் பட்டது. படத்தின் வேகத்துக்குத் தகுந்தபடி டிவியின் வேகத்தை மாற்றச் சொல்லி கோடியில் ஒரு அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டதும் டிவி ஒரு கணம் இருண்டு 24க்கு மாறியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் அதுதான் பாராட்டு.

அடுத்து கருப்பு. "ராத்திரி சீன்ல புகை போட்ட மாதிரி இருக்கே." வீடியோவில் கருப்பின் எண் 16, வெள்ளை 235. கம்ப்யூட்டருக்குக் கருப்பு 0, வெள்ளை 255. ஒன்று பேசுவதை மற்றது தவறாகப் புரிந்துகொண்டால் கருப்பு வெளுக்கும், இல்லையென்றால் இருட்டில் இருப்பதெல்லாம் மையாகிவிடும். இரண்டு பக்கமும் ஒரே கணக்கில் வைத்தேன். பிறகு ஒலி. பழைய ஆம்ப்ளிஃபயருக்குத் தனியாக வயர் இழுத்திருந்தேன். டிவி படத்தை மெருகேற்றி முடிப்பதற்குள் சத்தம் முந்திக்கொண்டது. உதடு அசைவதற்கு முன்பே வசனம். "பின்னாடி வந்தா பரவால்ல. முன்னாடி வரக் கூடாது" என்றார் அப்பா. தியேட்டரில் கடைசி வரிசைக்கு ஒலி எப்போதுமே பிந்தித்தான் போகும். 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவனுக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம், அதாவது இரண்டு ஃபிரேமுக்கும் மேல். யாரும் புகார் சொன்னதில்லை. இடி பிந்திக் கேட்டால் இயற்கை, முந்திக் கேட்டால் பயம். ஒலியைக் கொஞ்சம் பிந்தவைத்து, அவர் கை காட்டும்வரை கூட்டிக் குறைத்துச் சரிசெய்தேன்.

இதெல்லாம் ஒரு வாரம் நடந்தது. அந்த ஒரு வாரத்தில் அப்பா பேசியது, அதற்கு முந்தைய நாலு வருடத்தில் பேசியதைவிட அதிகம். நான் இணையத்தில் தேடித் தேடிப் படித்த ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது.

*

எட்டாம் நாள் 80களில் வந்த ஒரு ஸ்கோப் படத்தைப் போட்டேன். தியேட்டர்களில் ஓடித் தேய்ந்த பிரிண்டிலிருந்து எடுத்த காப்பி. கீறல், மழை, அங்கங்கே வெட்டு. அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில், "ரீல் முடியப்போவுது" என்றார்.

"எப்படிப்பா தெரியும்?"

"கீறல் கூடுதுல்லா. ரீலோட தலையும் வாலும்தான் கைபட்டுக் கைபட்டுக் கெடும். இப்ப புள்ளி வரும் பாரு."

புள்ளி என்று அவர் சொன்னது ஆப்பரேட்டர்களுக்கான சிக்னல். பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 160 நிமிடப் படம் என்றால் 14,400 அடி. அவ்வளவையும் ஒரே மெஷினில் மாட்ட முடியாததால் இரண்டு மெஷினில் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். ரீல் முடியப் பல நொடிகளுக்கு முன்பு திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். அப்போது அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். கடைசி நொடியில் இன்னொரு புள்ளி. அப்போது மாற்ற வேண்டும். தவறினால் திரையில் வெறும் வெள்ளை, தியேட்டரில் விசில். ஸ்கோப் படத்தில் அந்தப் புள்ளி அகலவாக்கில் இழுபட்டு முட்டை மாதிரி தெரியும் என்று அப்பாதான் சொன்னார்.

புள்ளி வரவில்லை. ரீல் மாறிவிட்டது. நிறம் மாறியதிலேயே தெரிந்தது.

அடுத்த ரீல் முடிவுக்கும் காத்திருந்தார். வரவில்லை. மூன்றாவது முறையும் வராதபோது, அவர் வலது கண்ணைக் கையால் மூடி இடது கண்ணால் பார்த்தார். பிறகு இடதை மூடி வலதால். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "எனக்குத்தான் ஓரம் போயிட்டு போல."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் படத்தை நிறுத்தினேன். எனக்கும் புள்ளி தெரியவில்லை என்று சொல்லலாம். ஆனால் எனக்கு எங்கே எப்போது பார்க்க வேண்டும் என்று தெரியாது, அரை நொடிகூட நிற்காத ஒன்று. என் சாட்சிக்கு அவரிடம் மதிப்பில்லை.

கோடியிலிருந்து வெளியே வந்து கம்ப்யூட்டர் திரைக்குப் போனேன். கீழே வலது மூலையில் மணி காட்டும் இடம் பாதிதான் தெரிந்தது. நாலு விளிம்பிலும் ஒரு பிக்சல் அகலத்தில் கோடு போட்ட சோதனைப் படம் ஒன்றைத் திறந்தேன். ஒரு பக்கம்கூடக் கோடு இல்லை.

பழைய குழாய் டிவிக்களில் படத்தின் விளிம்பு ஒழுங்காக நிற்காது. அதனால் விளிம்பைச் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்து, படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டுவது வழக்கம். ஓவர்ஸ்கேன் என்று பெயர். குழாய் போய்த் தட்டை டிவி வந்து, 1920க்கு 1080 என்று பிக்சல்கள் எண்ணிவைத்தாற்போல் இருக்கும்போதும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. படத்தைச் சில சதவீதம் உப்பவைத்து ஓரங்களை வெட்டித்தான் டிவி காட்டுகிறது. அதை நிறுத்தும் இடத்துக்கு ஒவ்வொரு டிவியிலும் ஒவ்வொரு பெயர்: ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட், ஃபுல் பிக்சல், டாட் பை டாட். எங்கள் டிவியில் அது படத்தின் அளவு என்ற பகுதிக்குள் நாலாவது வரியில் இருந்தது. அழுத்தியதும் திரை முழுதும் கொஞ்சம் உள்ளே சுருங்கி, நாலு கோடும் வந்தன. மணி முழுதாகத் தெரிந்தது.

"உங்க கண் இல்லப்பா. டிவிதான் வெட்டியிருக்கு."

அவர் நம்பவில்லை. "போடு பாப்பம்" என்றார்.

ரீல் முடியும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோனேன். கீறல்கள் கூடின. வலது மூலையில் ஒரு முட்டை மின்னியது. அப்பாவின் இடது கை தானாக எழுந்தது. "மோட்டார்" என்றார். வாய்க்குள் எண்ணினார். இரண்டாவது முட்டை. கை இறங்கியது. "மாத்து."

அந்த இரவு படம் முடியும்வரை ஒரு புள்ளியையும் அவர் விடவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

*

டிவியைச் சரிசெய்தால் கண் சரியாகிவிடாது. மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் ஃபீல்டு டெஸ்ட் எடுத்தார்கள். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து நடுவில் இருக்கும் விளக்கையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்கேயாவது ஒரு வெளிச்சப் புள்ளி மின்னும். மின்னும்போதெல்லாம் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். வயதானவர்கள் பலர் பதறி, தெரியாததற்கெல்லாம் அழுத்திவிடுவார்கள் என்றார் டெஸ்ட் எடுத்த பெண். அப்பா பதறவில்லை. வெளியே வந்ததும், "இவங்க புள்ளி நம்ம புள்ளியவிடச் சின்னது" என்றார். பிறகு, "நெறைய விட்டுட்டேன்னு நெனைக்கேன்" என்றார்.

வலது கண் அப்படியே இருந்தது. இடது கண்ணில் மூக்குப் பக்கம் இருந்த கருப்புத் திட்டு கொஞ்சம் பெரிதாகியிருந்தது. மருந்தை மாற்றி எழுதிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து நான் ஒரு கணக்குப் போட்டேன். 40 இஞ்ச் டிவியின் அகலம் சுமார் 88 சென்டிமீட்டர். ஆறடியில் உட்கார்ந்தால் அது கண்ணின் பார்வையில் 27 டிகிரி பிடிக்கும். பத்தடிக்குத் தள்ளிப் போனால் 16, 17 டிகிரிக்குள் அடங்கிவிடும். மிச்சமிருக்கும் பார்வைக்குள் படத்தின் நாலு மூலையும் வந்துவிடும். டேப்பைப் பிடித்து அளந்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். அம்மா அவருடைய நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் வைத்தாள்.

அப்பா போய் உட்கார்ந்து பார்த்தார். "பின்னாடிதான் நல்லது. நான் எப்பவும் எல்லாருக்கும் பின்னாடிதான இருந்தேன்" என்றார்.